எந்தக் கான்செர்ட்டோவுக்குக் கைதட்டல் விழும்?

வாசகர் கேள்வி – பதில்: வயலின்

கான்செர்ட்டோ என்பது ஆர்கெஸ்ட்ராவோடு ஒரு தனி வாத்தியம் வாசிக்க எழுதப்பட்ட படைப்பு. அதைத் தனி வயலினாக மேடையேற்ற விரும்புபவர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

பத்து வருடமாக வயலின் வாசிக்கிறேன். அமெச்சூர் ஆர்கெஸ்ட்ரா ஒன்று அடுத்த ஆண்டு என்னை வாசிக்க அழைத்திருக்கிறது. கேட்க வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் மேற்கத்திய சாஸ்திரிய இசை கேட்டுப் பழகாதவர்கள். மெண்டல்சோன், ப்ரூக், சாய்கோவ்ஸ்கி மூவரின் கான்செர்ட்டோக்களில் எதை எடுப்பது?

ப்ரூக்கின் முதல் கான்செர்ட்டோ, ஜி மைனர், ஓபஸ் (படைப்பு எண்) 26. உங்கள் நிலையில் இருப்பவருக்கு இதுதான் பொருத்தம்.

வேகமாக வாசித்தால் கூட்டம் மயங்கும் என்று வயலின்காரர்கள் நம்புகிறார்கள். ஆறு மாதம் உயிரைக் கொடுத்துச் சரிசெய்த டபுள் ஸ்டாப் (இரண்டு தந்திகளை ஒரே வேளையில் வாசிப்பது) வரிசையைப் புதிதாகக் கேட்பவர் கவனிக்கவே மாட்டார். வீட்டுக்குப் போகும்போது அவர் காதில் மிச்சமிருப்பவை வேறு: வயலின் முதன்முதலாக வாய் திறந்த இடம், மெதுவான மூவ்மென்ட்டின் (பகுதியின்) பாட்டு, கடைசி இரண்டு நிமிடம். ஒரு கான்செர்ட்டோவை எடுக்கலாமா என்று யோசிக்கும்போது முதலில் இந்த மூன்று இடங்களைப் போட்டுக் கேளுங்கள்.

ப்ரூக்கில் டிம்பனி முரசு மெல்ல உருள்கிறது, வுட்விண்ட் (மரக்குழல்) வாத்தியங்கள் ஒரு வரி சொல்கின்றன, உடனே வயலின் தன்னந்தனியாக, விரல் வைக்காத திறந்த ஜி தந்தியிலிருந்து மேலே ஏறுகிறது. அரை நிமிடத்துக்குள் அரங்கம் உங்கள் கையில். நடுவில் வரும் அடாஜியோ (மெதுவான மூவ்மென்ட்) எட்டு நிமிடத்துக்குச் சற்று மேல் நீளும் பாட்டு. முன்பின் கேட்காதவரும் அசையாமல் உட்கார்ந்திருப்பார். கடைசி மூவ்மென்ட் ஆட்டம் போல நடந்து, முடிவில் முடுக்கிக்கொண்டே போய் பிரெஸ்டோவில் (மிக வேகமான பகுதியில்) நிற்கிறது. மொத்தம் 25 நிமிடம். 1866-ல் முதலில் அரங்கேறியபோது ப்ரூக்குக்கே திருப்தி இல்லை. யோசெஃப் யோவாஹிம் என்ற பெரிய வயலின் கலைஞரின் ஆலோசனையோடு திருத்தினார். 1868-ல் வந்த வடிவத்தைத்தான் இன்று வாசிக்கிறோம். தம்முடைய மற்ற இரண்டு கான்செர்ட்டோக்களை விட்டுவிட்டு எல்லோரும் இதையே கேட்கிறார்களே என்று பிற்காலத்தில் அவருக்கு எரிச்சலும் வந்தது. கூட்டத்தின் ரசனைக்கு அதைவிடச் சான்று வேண்டுமா!

கஷ்டம் மூன்றாவது மூவ்மென்ட்டில் இருக்கிறது. அதன் முக்கியக் கருவே தேர்ட் (மூன்று சுர இடைவெளி) டபுள் ஸ்டாப்களாலும் கார்டுகளாலும் (பல சுரங்கள் சேர்ந்தொலிப்பது) ஆனது. தேர்ட்கள் சுருதி விலகுவதற்குக் காதைவிடக் கைதான் பெரும்பாலும் காரணம். மேல் பொசிஷனுக்குப் (தந்தியில் இடதுகை நிற்கும் இடம்) போகப்போக விரல்களின் இடைவெளி சுருங்க வேண்டும். பயந்து அழுத்துகிற கை சுருங்காது. இரண்டு விரல்களையும் தந்திகளில் வைத்தபடியே, வில்லைக் கீழ்த் தந்தியில் மட்டும் ஓட்டி அந்தப் பகுதி முழுவதையும் வாசியுங்கள். பிறகு அதே விரல்களோடு மேல் தந்தியில் மட்டும். இரண்டும் தனித்தனியே சுத்தமானால்தான் சேர்க்க வேண்டும். ஒரே மூச்சில் 20 நிமிடத்துக்கு மேல் தேர்ட் பயிற்சி வேண்டாம். கட்டைவிரல் அடியில் வலி எடுத்தால் அழுத்துகிறீர்கள் என்று பொருள். கார்டுகளை வில்லின் அடிப்பகுதியில் வாசியுங்கள். வில் தந்திமேல் உட்கார்ந்த பிறகு இழுக்க வேண்டும். கீழிரு தந்திகளைத் தொட்டுவிட்டு மேலிரு தந்திகளுக்கு உருண்டுபோக வேண்டும். மேலேயிருந்து வெட்டினால் கரகரப்புதான் மிஞ்சும்.

ஆர்கெஸ்ட்ராவால் முடியுமா என்பதையும் பார்க்க வேண்டும். பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். ப்ரூக்குக்கு நான்கு ஹார்ன் வேண்டும், மெண்டல்சோனுக்கு இரண்டே போதும். அதற்காக மெண்டல்சோன் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். அதன் கடைசி மூவ்மென்ட்டில் வுட்விண்ட்காரர்களும் உங்களோடு இறகு போல ஓட வேண்டும். அமெச்சூர் குழுவில் பெரும்பாலும் அவர்கள் அரைத் தாளம் பின்தங்குவார்கள், நீங்கள் அவர்களுக்காகக் காத்திருப்பீர்கள், அந்த இசையின் உயிரே போய்விடும். ப்ரூக்கில் பெரும்பாலான இடங்களில் ஆர்கெஸ்ட்ரா நீண்ட கார்டுகளையும் தந்தி நடுக்கத்தையும் பிடித்துக்கொண்டிருக்க, வயலின் மேலே பாடும். சேர்ந்து போவது எளிது. ஆபத்தான இடங்கள் இரண்டு: தொடக்கத்தில் நீங்கள் தனியாக வாசித்து முடிக்கும் சுரத்தில் கண்டக்டர் குழுவை நுழைக்கும் இடமும், கடைசிப் பிரெஸ்டோவும். எந்தச் சுரத்தில் வில்லை முடிக்கிறீர்கள், எவ்வளவு நேரம் நீட்டுவீர்கள் என்பதைக் கண்டக்டரோடு உட்கார்ந்து பேசி ஸ்கோரில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஒத்திகையில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் பாதி ஒத்திகை அதிலேயே போகும்.

குழு சிறியது, ஆனால் சுறுசுறுப்பானது என்றால் மெண்டல்சோனை எடுக்கலாம். 1845-ல் லைப்சிக்கில் முதலில் ஒலித்த நாளிலிருந்து அதைக் கேட்டு ஏமாந்தவர் இல்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்: இரண்டாவது பாரிலேயே (தாள அளவிலேயே) வயலின் நுழைகிறது, அதுவும் ஈ தந்தியின் உயரத்தில். கைசூடாக நேரமே கிடையாது. மேடைக்குப் போகும் முன் 15 நிமிடம் வாசித்துவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு நின்றாலும் தவறில்லை.

மூன்றாம் பொசிஷன் வரைதான் எனக்கு உறுதியாக வரும். மேடையில் கேவலப்படாமல், கேட்பவர்களும் ரசிக்கும்படி ஏதாவது கான்செர்ட்டோ உண்டா?

தாராளமாக உண்டு. பாஹின் ஏ மைனர் கான்செர்ட்டோ, பாஹின் வரிசை எண் 1041. சுமார் 14 நிமிடம். தந்தி வாத்தியங்களும் ஒரு கீபோர்டும் போதும். பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்தால் கச்சேரி நடந்துவிடும். மூன்றாவது மூவ்மென்ட்டில் விரல் வைத்த சுரமும் திறந்த ஈ தந்தியும் மாறிமாறி மின்னுகிற இடம் ஒன்று வரும். கேட்பவருக்கு வித்தை போலத் தோன்றும், வாசிப்பவருக்கு மணிக்கட்டு வேலை மட்டும்தான். முழங்கையைத் தூக்கித் தாழ்த்தினால் வேகம் வராது. முழங்கை இரண்டு தந்திகளுக்கும் நடுமட்டத்தில் நிற்க, கை மட்டும் அசைய வேண்டும்.

கூட வாசிக்க நண்பர் இருந்தால் அவரையும் இழுத்துக்கொண்டு இரட்டை வயலின் கான்செர்ட்டோவுக்குப் போங்கள். டி மைனர், எண் 1043. மெதுவான மூவ்மென்ட்டில் இரண்டு வயலினும் ஒன்றையொன்று பின்தொடரும்போது எந்த அரங்கமும் அமைதியாகிவிடும். மேடைப் பயமும் பாதியாகும்.

விவால்டியின் ஓபஸ் 3-ல் உள்ள ஆறாவது, ஏ மைனர் கான்செர்ட்டோ இதைவிட எளிது, எட்டு நிமிடத்தில் முடியும். நான்கு பருவங்கள் தொகுப்பு மேல் ஆசை இருந்தால் ‘குளிர்கால’த்தின் நடு மூவ்மென்ட்டை மட்டும் எடுங்கள். ஆர்கெஸ்ட்ரா விரலால் மீட்டும் மழைத்துளிகளுக்கு மேல் வயலின் பாடும், இரண்டே நிமிடம். அதே கான்செர்ட்டோவின் முதல், மூன்றாம் மூவ்மென்ட்களும் ‘கோடை’யின் புயலும் உங்கள் அளவுக்கு இப்போது வேண்டாம்.

பியானோவோடு வாசிப்பதானால் அக்கோலேயின் ஏ மைனர். ஒரே மூவ்மென்ட், எட்டு நிமிடம், பெரிய ரொமான்டிக் கான்செர்ட்டோவின் தோரணை முழுவதும் அதில் இருக்கும். முதல் பொசிஷனை விட்டு நகராமல் வாசிக்க ரீடிங் என்பவரின் பி மைனர், ஓபஸ் 35 இருக்கிறது. அதை மாணவர்கள் சமாச்சாரம் என்று ஒதுக்குபவர்கள் அது நன்றாக வாசிக்கப்பட்டுக் கேட்டதில்லை என்றே அர்த்தம்.

நிகழ்ச்சியில் எனக்குப் பத்து நிமிடம்தான். ஏதாவது ஒரு மூவ்மென்ட் போதும். எதை வெட்டி எடுக்கலாம்?

தன் காலில் நிற்கும் மூவ்மென்ட்டாகப் பார்த்து எடுங்கள். நிறையப் பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள். மேலே ப்ரூக்கை அவ்வளவு புகழ்ந்தோம். ஆனால் அதன் முதல் மூவ்மென்ட்டைத் தனியாக வாசிக்க முடியாது. அதன் பெயரே முன்னுரை. முடிவில் முதல் வயலின்கள் ஒரு தாழ்ந்த சுரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே அடாஜியோவுக்குள் கூட்டிப்போய்விடும். தனியே நிறுத்தினால் வாக்கியத்தின் நடுவே எழுந்துபோன மாதிரி இருக்கும். வியெனியாவ்ஸ்கியின் இரண்டாவது கான்செர்ட்டோவிலும் அதே சிக்கல்: முதல் மூவ்மென்ட் அடங்கி, நிற்காமல் ரொமான்ஸ் என்ற இரண்டாவது மூவ்மென்ட்டுக்குள் நுழையும். ப்ரூக்கில் கடைசி மூவ்மென்ட்டை மட்டும் எடுக்கலாம், வியெனியாவ்ஸ்கியிலும் அப்படியே. இரண்டும் ஏழு நிமிடத்துக்குள்.

சென்-சான்ஸின் மூன்றாவது கான்செர்ட்டோ, பி மைனர், முதல் மூவ்மென்ட்: எங்கள் ஓட்டு இதற்கு. தந்திகள் நடுங்கிக்கொண்டிருக்க, ஜி தந்தியில் முழுக்குரலில் வயலின் ஆரம்பிக்கும். ஒன்பது நிமிடத்துக்குள் பலமாக முடியும். லாலோவின் சிம்ஃபனி எஸ்பஞோலின் முதல் மூவ்மென்ட்டும் நல்லது. பெயரில் சிம்ஃபனி இருந்தாலும் அது கான்செர்ட்டோதான்.

கான்செர்ட்டோவாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லையென்றால் சென்-சான்ஸின் இன்ட்ரொடக்‌ஷன் அண்ட் ரோண்டோ கப்ரிச்சியோஸோ. ஆர்கெஸ்ட்ராவோடு வாசிக்கவே எழுதப்பட்டது, ஒன்பது நிமிடம், ஏக்கமான தொடக்கம், பறக்கும் முடிவு. கான்செர்ட்டோ மூவ்மென்ட்டை அறுத்துப்போடுவதைவிட முழுமையான சின்னப் படைப்பு கேட்பவருக்கு நிறைவு தரும்.

ஆசிரியர் மொஸார்ட் வாசிக்கச் சொல்கிறார். கூட்டம் கொட்டாவி விடாதா?

ஆசிரியர் சொல்வது சரி, உங்கள் சந்தேகமும் முழுக்கத் தவறில்லை. 1775-ல் எழுதிய ஜி மேஜர், டி மேஜர், ஏ மேஜர் மூன்றும் இன்று அதிகம் வாசிக்கப்படுபவை. மூன்றும் சத்தமில்லாமல் முடிகின்றன. ஜி மேஜரின் முடிவில் ஓபோவும் ஹார்னும் மட்டும் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு நின்றுவிடும். முடிந்ததா என்று தெரியாமல் அரங்கம் இரண்டு விநாடி விழிக்கும். அதனால் நிகழ்ச்சியின் கடைசியில் மொஸார்ட்டை வைக்காதீர்கள். இடைவேளைக்கு முன் வைத்துவிட்டு, பிற்பாதிக்கு ஆர்கெஸ்ட்ராவிடம் ஒரு பெரிய சிம்ஃபனியைக் கொடுத்துவிடுங்கள்.

மூன்றில் கூட்டத்துக்கானது ஏ மேஜர். ஆர்கெஸ்ட்ரா உற்சாகமாக ஓடி நிற்க, வயலின் அதற்குச் சம்பந்தமே இல்லாத மாதிரி ஆறு பார் மெதுவாகப் பாடிக்கொண்டு வரும். அந்த நுழைவுக்கு நிகரானது குறைவு. கடைசி மூவ்மென்ட்டில் திடீரென்று ஏ மைனரில் துருக்கிய ஆட்டம் ஒன்று வெடிக்கும். செல்லோக்காரர்களும் பேஸ்காரர்களும் வில்லின் மரத்தால் தந்தியைத் தட்டுவார்கள். நல்ல வில்லைக் கெடுக்க மனமில்லாமல் அவர்கள் முணுமுணுப்பார்கள். பழைய வில் ஒன்று கொண்டுவரச் சொல்லிவிடுங்கள்.

ஜி மேஜரை எடுத்தால் மெதுவான மூவ்மென்ட்டில் ஓபோவுக்குப் பதில் இரண்டு ஃபுளூட் கேட்கும். பத்து நிமிடத்துக்காக இரண்டு பேரைக் கூடுதலாக வரவழைக்க வேண்டும். இது ஒத்திகை அன்று தெரியவந்தால் தலைவலி.

கடென்சா (ஆர்கெஸ்ட்ரா நிற்க, வயலின் தனியாக வாசிக்கும் பகுதி)? இந்தக் கான்செர்ட்டோக்களுக்கு மொஸார்ட் எழுதிய கடென்சாக்கள் நம் கைக்கு வரவில்லை. ஏ மேஜருக்கு யோவாஹிம் எழுதியதும், ஜி மேஜருக்கு சாம் ஃப்ராங்கோ எழுதியதும் அதிகம் வாசிக்கப்படுகின்றன. கஷ்டமாக இருந்தால் முதல் மூவ்மென்ட்டின் இரண்டு கருக்களை எடுத்து 40 விநாடிக்கு நீங்களே எழுதலாம். முடிவில் ட்ரில் (அடுத்தடுத்த இரண்டு சுரங்கள் வேகமாக மாறிமாறி ஒலிப்பது) இருந்தால் போதும், ஆர்கெஸ்ட்ரா நுழைந்துவிடும்.

சாய்கோவ்ஸ்கி வாசிக்காமல் வயலினைக் கீழே வைக்கமாட்டேன் என்று சபதம். இரண்டு வருடம் போதுமா?

மெண்டல்சோனை ஆர்கெஸ்ட்ராவோடு முழுக்க வாசித்தவரானால் போதும். இல்லையென்றால் போதாது. டி மேஜர், ஓபஸ் 35, சுமார் 35 நிமிடம். முதல் மூவ்மென்ட்டே 18, 19 நிமிடம், இரண்டாவது நிற்காமல் மூன்றாவதில் கொண்டுபோய் விடும். சுரங்கள் வந்துவிடும், தோள்தான் தாங்காது. கடைசி மூவ்மென்ட்டின் பாய்ச்சல் தொடங்கும்போது ஏற்கெனவே 25 நிமிடம் வாசித்திருப்பீர்கள். அங்கே வில் துள்ளாமல் இழுபடுவதற்கு வலதுகைக் களைப்புதான் காரணம். கடைசி மூவ்மென்ட்டை மட்டும் புத்துணர்ச்சியோடு பயிற்சி செய்துவிட்டு ‘வருகிறது’ என்று நம்புகிறவர்கள் மேடையில் மாட்டிக்கொள்கிறார்கள். வாரத்துக்கு ஒரு முறையாவது முதல் மூவ்மென்ட்டை முழுதாக வாசித்த கையோடு கடைசியை வாசித்துப் பாருங்கள்.

நடு மூவ்மென்ட்டில் மியூட் (ஒலியை அடக்கும் சிறு கருவி) போட்டு வாசிக்க வேண்டும். மூன்றாவது தொடங்கும் முன் அதைக் கழற்ற எந்த இடத்தில் கை ஓயும் என்று முன்பே பார்த்துவையுங்கள். தந்தியில் நகரும் வகை மியூட் வசதி.

அவசரம் இல்லையென்றால் வழியில் கபலெவ்ஸ்கியின் சி மேஜர் கான்செர்ட்டோவைச் செய்துவிட்டுப் போகலாம். 1948-ல் இளைஞர்களுக்காக எழுதப்பட்டது. கால் மணிநேரம், துள்ளல், நடுவில் அருமையான பாட்டு. காப்புரிமை உள்ள படைப்பு என்பதால் ஆர்கெஸ்ட்ராவுக்கான தாள்களைப் பதிப்பாளரிடம் வாடகைக்கு எடுக்க வேண்டும். அதற்கான செலவை ஆர்கெஸ்ட்ராவோடு முதலிலேயே பேசிவிடுங்கள்.

எத்தனை மாதத்துக்கு முன் தொடங்க வேண்டும்? எங்கிருந்து தொடங்குவது?

முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். அப்படித் தொடங்குபவர்களுக்கு முதல் பக்கம் தங்கம் போலவும் கடைசிப் பக்கம் தகரம் போலவும் வரும். மேடையில் அரங்கம் கடைசியில் கேட்டதை வைத்துத்தான் எழுந்து நிற்கும்.

25 நிமிடக் கான்செர்ட்டோவுக்கு ஒன்பது மாதம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரம் ஸ்கோரைப் பார்த்துக் கேட்பதும், விரல், வில் குறிப்புகளைப் பென்சிலால் எழுதுவதும் மட்டும். பிறகு மிகக் கஷ்டமான மூன்று பக்கங்களைத் தேர்ந்தெடுத்து அவற்றை மட்டும் ஆறு வாரம். மெட்ரோனோமை (தாளம் காட்டும் கருவியை) இறுதி வேகத்தில் பாதியில் வைத்து, மூன்று முறை தொடர்ந்து தப்பில்லாமல் வந்தால் நான்கு புள்ளி ஏற்றுங்கள். இரண்டு முறை சரி, மூன்றாவது தப்பு என்றால் அதே வேகம்தான். சமாதானம் சொல்லிக்கொண்டு ஏற்றினால் அந்தத் தப்பும் மனப்பாடம் ஆகும்.

ஐந்தாவது மாத முடிவில் அந்த மூன்று பக்கங்கள் இறுதி வேகத்தின் நூற்றுக்கு எண்பதில்கூட நிற்கவில்லையென்றால் படைப்பை மாற்றிவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மேடையில் பதற்றம் ஐந்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். மிச்சத்தில் கான்செர்ட்டோ நிற்க வேண்டும்.

கடைசி இரண்டு மாதம் வாரம் ஒரு முறை, மேடைச் செருப்போடு, நின்றபடி, முழுதாக, நிறுத்தாமல் வாசித்துப் பதிவு செய்யுங்கள். அதற்குள் பியானோவோடு மூன்று முறையாவது சில பேர் முன்னால் வாசித்திருக்க வேண்டும். பியானோக்காரரிடம் நீண்ட ஆர்கெஸ்ட்ராப் பகுதிகளை முழுக்க வாசிக்கவைக்காதீர்கள். நீங்கள் நுழைவதற்கு முந்தைய எட்டுப் பத்து பார் போதும். பீத்தோவன் கான்செர்ட்டோவில் வயலின் நுழைய மூன்று நிமிடம் ஆகும். ஆர்கெஸ்ட்ரா இருந்தால் அது பெருமிதம், பியானோவில் அது காத்திருப்பு.

கடைசி வாரத்தில் எந்த விரல் குறிப்பையும் மாற்றவே கூடாது.

மெண்டல்சோன் கடென்சாவின் முடிவில் வில் நான்கு தந்திகளிலும் துள்ளும் இடம் எனக்கு மட்டும் துள்ளவே இல்லை. எவ்வளவு மெதுவாகப் பயிற்சி செய்தும் பயனில்லை.

மெதுவாகச் செய்வதால்தான் துள்ளவில்லை. வில்லின் மரத்துக்கென்று ஒரு துள்ளல் வேகம் இருக்கிறது. அதற்குக் கீழே அது துள்ளாது. நீங்கள் தூக்கித் தூக்கி வைக்க வேண்டியிருக்கும், அது வேறு வில்வேலை. ஆகவே வேலையைப் பிரியுங்கள். இடதுகைக்காக வில்லைத் தந்தியில் ஒட்டி மெதுவாக. வலதுகைக்காக நான்கு திறந்த தந்திகளில், முழு வேகத்தில். வில்லின் நடுவுக்குச் சற்று மேலே போட்டுப் பாருங்கள்; இடம் ஒவ்வொரு வில்லுக்கும் ஒரு விரற்கடை மாறும், கண்டுபிடித்ததும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வீச்சுக்கு மூன்று நான்கு சென்டிமீட்டர் வில்லுக்கு மேல் ஓடினால் துள்ளல் செத்துவிடும். முடியை அதிகம் இறுக்காதீர்கள்.

அந்த இடத்தில் ஆர்கெஸ்ட்ரா முதல் பாட்டோடு உள்ளே வரும்போது நீங்கள் பக்கவாத்தியம் ஆகிவிடுகிறீர்கள். உங்கள் துள்ளல் சீராக இல்லையென்றால் கண்டக்டருக்குப் பிடிமானம் கிடையாது. நுழைவதற்கு முந்தைய நான்கு பார்களையாவது மெட்ரோனோம் போலக் கொடுத்தே ஆக வேண்டும். உணர்ச்சியை அதற்கு முன்பே காட்டி முடித்துவிடுங்கள்.

அறையில் வாசித்தால் காதைப் பிளக்கிறது, ஆர்கெஸ்ட்ராவோடு நின்றால் என் வயலினே கேட்பதில்லை. புது வயலின் வாங்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். வில்லை பிரிட்ஜ் (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) பக்கம் ஒரு விரற்கடை நகர்த்தி, வேகத்தைக் குறைத்து வாசியுங்கள். பக்கத்தில் நிற்பவருக்குக் கொஞ்சம் முரட்டுத்தனமாகக் கேட்கும். பதினைந்தாவது வரிசையில் அது வட்டமாகிவிடும். உங்கள் தாளில் பியானோ, அதாவது மென்மை என்று குறித்திருந்தால் அதைத் தனி வயலினின் மென்மையாகப் படிக்க வேண்டும். அறையில் அது பாதி பலத்துக்கு மேல். வைப்ராட்டோ (விரலை அசைத்துச் சுரத்தை அதிரவைப்பது) சுரத்துக்குச் சுரம் நின்றுநின்று போனால் ஒலி குழுவுக்குள் கரைந்துவிடும். கண்டக்டரைப் பார்ப்பதற்காக அவர் பக்கம் திரும்பிவிடுவது பொதுவான தவறு. வயலினின் எஃப் வடிவ ஒலித்துளைகள் அரங்கத்தைப் பார்க்க வேண்டும், கண் மட்டும் கண்டக்டரிடம் போகட்டும்.

இத்தனையும் செய்தும் ஜி தந்தியில் ஒலி அமுங்கினால் ஆர்கெஸ்ட்ராவைக் குறைக்கச் சொல்வது உங்கள் உரிமை. பின்வரிசைத் தந்திக்காரர்கள் சில பாடல் பகுதிகளில் ஓய்ந்திருப்பது வழக்கத்தில் உள்ளதுதான்.

புதுத் தந்தி மாட்டுவதானால் கச்சேரிக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால். அதற்குப் பிறகு மாட்டினால் நீண்டு நீண்டு சுருதி இறங்கும். ஆர்கெஸ்ட்ரா சுருதி சேர்க்கும் ஏ சுரம் 440 ஹெர்ட்ஸா 442-ஆ என்றும் முன்பே கேட்டு, வீட்டிலும் அதற்கே சேர்த்துப் பழகுங்கள்.

மனப்பாடமாக வாசிக்கும்போது நடுவில் மறந்துவிட்டால்?

முன்னால் குதியுங்கள், பின்னால் போகவே போகாதீர்கள். ஐம்பது பேர் உங்களுக்காகத் திரும்பிவர மாட்டார்கள். மறதி கண்ட இடத்தில் வருவதில்லை. ஒரே பாட்டு இரண்டு முறை வந்து இரண்டு வேறு பாதையில் பிரியும் இடத்தில்தான் வரும். மெண்டல்சோன் முதல் மூவ்மென்ட்டின் இரண்டாவது பாட்டு முதலில் ஜி மேஜரில் வரும், திரும்பும்போது ஈ மேஜரில். கை பழைய பாதையிலேயே போய் நின்றுவிடும். அப்படிப்பட்ட பிரிவுகளைத் தாளில் சிவப்பில் குறித்து, இரண்டு பாதைகளையும் அடுத்தடுத்து வாசித்துப் பழகுங்கள். அதோடு கான்செர்ட்டோ முழுவதிலும் பத்து இடங்களைத் தேர்ந்தெடுத்து, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அங்கிருந்து தொடங்க முடியும்படி வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடங்களுக்கு எண் கொடுத்து, எண்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போட்டு எடுத்துத் தொடங்குவது நல்ல பயிற்சி.

தாளை ஸ்டாண்டில் வைத்து வாசித்தால் மதிப்புக் குறையும் என்பது பழைய நினைப்பு. ஸ்டாண்டைத் தாழ்த்தி, சற்று இடப்பக்கம் தள்ளிவைத்தால் ஒலியை மறைக்காது.

முதல் மூவ்மென்ட் முடிந்ததும் கைதட்டினால் என்ன செய்வது?

மெண்டல்சோனில் அந்தப் பிரச்சினையே இல்லை. முதல் மூவ்மென்ட்டின் கடைசிக் கார்டிலிருந்து ஒரு பசூன் மட்டும் பி சுரத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதுக்குள் போய்விடும், கைதட்ட இடைவெளி கிடையாது. சாய்கோவ்ஸ்கி முதல் மூவ்மென்ட் முடிவில் மட்டும் கட்டாயம் தட்டுவார்கள். முறைக்காதீர்கள். வயலினைத் தாழ்த்தி லேசாகத் தலையசையுங்கள், கைக்குட்டையால் தாடைத் தாங்கியைத் துடையுங்கள். 18 நிமிடம் வாசித்ததில் ஈ தந்தி நிச்சயம் விலகியிருக்கும். சத்தம் அடங்குவதற்குள் அதைச் சரிசெய்துகொண்டு, மியூட்டைப் போட்டுவிடுங்கள்.